ஏட்டில் ஏறிய காப்பி

கடல்வழிக் கணக்கு: செட்டிநாட்டு வரலாற்றுத் தொடர் – 11

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. தேக்குத் தூண்கள், எனாமல் தூக்குச் சட்டிகள், கண்ணாடிச் சாடிகள், ரவிவர்மா படங்கள் என்று பெரிய வீடுகளின் உள்கட்டுச் சாமானெல்லாம் அங்கே தெருவுக்கு வந்துவிட்டது. போன மாதம் அந்தக் குவியலிலிருந்து ஒரு பித்தளைக் காப்பி ஃபில்டரைக் கையில் எடுத்தேன். இரண்டு கையாலும் பிடிக்க வேண்டிய கனம். பத்துப் பதினைந்து பேருக்கு ஒரே தடவையில் டிகாஷன் இறக்கலாம். மேல் அடுக்கின் அடியில் ஊசித் துளைகள். பாதித் துளைகளைப் பழைய தூள் அடைத்திருந்தது. கழுத்தைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக நான்கு தமிழ் எழுத்துகள் வெட்டியிருந்தார்கள். அது ஒரு வீட்டின் விலாசம்.

செட்டிநாட்டில் கரண்டிக்குக்கூடப் பெயர் வெட்டுவார்கள். பங்காளிகள் கூடிச் சமைக்கிற விசேஷ நாளில் பாத்திரம் கலந்துபோனால் பிரித்தெடுக்க அதுதான் வழி. அதே எழுத்துகளைத்தான் கொழும்பிலும் ரங்கூனிலும் கடைப் பேரேட்டின் முகப்பில் எழுதினார்கள். அடுப்படிப் பாத்திரத்துக்கும் அக்கரைக் கணக்குக்கும் ஒரே விலாசம்.

தொண்டியிலும் தேவிபட்டினத்திலும் தோணி ஏறிய நகரத்தார் என்ற செட்டிநாட்டுச் செட்டியார்கள் கொழும்புக்குப் போய்ச் செட்டியார் தெருவில் கடை போட்டது வரை சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். அந்தக் கடைகள் வளர்ந்ததற்குப் பெரிய காரணம் ஒன்று உண்டு: காப்பி. அந்தக் காப்பி செட்டிநாட்டுக்கு இரண்டு தடவை வந்தது. முதல் தடவை பேரேட்டில், வரவும் பற்றுமாக வந்தது. காப்பி குடிக்கிற பழக்கம் இந்த ஊர்களில் வேர்விடாத காலம் அது. இரண்டு தலைமுறை கழித்து டம்ளரில் வந்தது. இரண்டு தடவையும் யார் லாபம் கண்டார்கள், யார் விலை கொடுத்தார்கள் என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் அந்த ஃபில்டரின் கதை முழுமையாகும்.

ஒரே பாதை, இரண்டு பயணிகள்

கண்டி ராஜ்யம் 1815-இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. அடுத்த பத்தாண்டுக்குள் கண்டி மலைச்சரிவுகளில் காப்பி நட்டுப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். கம்பளைக்குப் பக்கத்தில் ஜார்ஜ் பேர்ட், கன்னொருவையில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் ஆகிய இருவரும் 1824-ஐ ஒட்டித் தோட்டம் போட்டவர்கள். ஆனால் காட்டுத்தீ போல அது பரவியதற்குக் காரணம் உலகின் மறுபக்கத்தில் இருந்தது. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை உழைப்பில்தான் காப்பி விளைந்துகொண்டிருந்தது. 1833-இல் பிரிட்டன் அடிமை முறையை ஒழித்துச் சட்டம் போட்டதும் அங்கே விளைச்சல் சரிந்தது. 1835-இல் இலங்கைக் காப்பிக்கும் மேற்கிந்தியக் காப்பிக்கும் ஒரே சுங்கவரி என்றாயிற்று. லண்டன் பணம் கண்டி மலையேறியது. காடு கழிந்தது.

ஆள் எங்கே? சிங்கள விவசாயிக்குச் சொந்த வயல் இருந்தது. அதை விட்டுவிட்டுத் தோட்டத்தில் கூலிக்கு நிற்க அவருக்கு மனமில்லை. தோட்டக்காரர்களின் கண் பாக் நீரிணைக்கு இந்தப் பக்கம் திரும்பியது. திருச்சி, மதுரை, தஞ்சை, சேலம், புதுக்கோட்டைச் சீமை, இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகள் என வானம் பார்த்த பூமியிலிருந்து ஆட்கள் கிளம்பினார்கள். ஆள் சேர்க்கும் கங்காணி ஊருக்கு வந்து முன்பணம் கொடுப்பார். முன்பணம் வாங்கிய நிமிடத்திலிருந்து அந்த ஆள் கடனாளி. இராமேசுவரம் கரையோரத்தில் தோணி ஏறி, மன்னார்ப் பக்கம் இறங்கி, தண்ணீரில்லாத வன்னிக் காட்டில் நாள்கணக்கில் நடந்து, தம்புள்ளை வழியாக மாத்தளை சேர வேண்டும். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். பாதையோரத்தில் கிடந்தவர்களைத் தாண்டித்தான் மற்றவர்கள் நடந்தார்கள்.

நகரத்தார் போனதும் இதே கரை, இதே கடல். ஒருவர் கையில் உண்டியலும் ஓலைக் கணக்கும்; இன்னொருவர் தோளில் கம்பளியும் மண்சட்டியும். இரண்டு பேரும் ஒரே வறண்ட சீமையில் பிறந்தவர்கள். கிணறு வற்றினால் இரண்டு வீட்டுக்கும்தான் தண்ணீர் இல்லை. ஆனால் முதல் வைத்திருந்தவர் அதைக் கொண்டு விற்கப் போனார்; முதலில்லாதவர் தன்னையே கொண்டுபோக வேண்டியிருந்தது.

ஒரு மூட்டை அரிசி

காப்பித் தோட்டத்தில் அரிசி விளையாது. மலையில் இருக்கிற அத்தனை வயிற்றுக்கும் சோறு வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும். நகரத்தார் தொழிலின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. ஒரு மூட்டை அரிசியின் பின்னாலேயே போய்ப் பார்ப்போம்.

வங்காளத்திலிருந்தோ சோழமண்டலக் கரையிலிருந்தோ கப்பலில் வருகிற அரிசி கொழும்பில் இறங்குகிறது. அதை வாங்கச் செட்டியார் போடுகிற பணம் பல கைகளின் பணம். வீட்டு முதல் இருக்கும். பங்காளிகள் போட்டுவைத்த மேம்பணம் இருக்கும். ஆச்சிமார் பணம் இருக்கும்: கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுத்த சீதனம் அவள் பெயரிலேயே வரவு வைக்கப்பட்டு வட்டி ஏறிக்கொண்டிருக்கும். காரைக்குடி வளவில் உட்கார்ந்து வற்றல் காயவைத்துக்கொண்டிருந்த பெண்மணியின் பணம், அவர் கண்ணால் பார்த்தே இராத கண்டி மலையில் அரிசியாக ஏறியது. அது போதாதபோது ஆங்கிலேய வங்கிகளிடம் செட்டியார் கடன் வாங்குவார். வங்கிக்கு வெள்ளைக்காரத் துரையைத் தெரியும். கண்டிக் கடைவீதியைத் தெரியாது. அந்த இடைவெளியை நிரப்பியவர் செட்டியார்.

மூட்டை மாட்டுவண்டியில் கண்டிக்குப் போகும். 1867-இல் கொழும்பு–கண்டி ரயில் வந்தபின் ரயிலில் போகும்; அந்த ரயில் பாதையே காப்பியைக் கீழே இறக்கத்தான் போடப்பட்டது. கண்டியிலிருந்து தோட்டத்து ஸ்டோருக்கு. அங்கே கங்காணி மேற்பார்வையில் படியளந்து, அரிசியின் விலையைக் கூலியில் பிடித்துக்கொள்வார்கள். கூலியோ கையில் உடனே வராது. மாதக்கணக்கில் பாக்கி நிற்கும். அறுவடைக் காப்பி லண்டனில் விற்று முடிகிறவரை தோட்டத்திலும் காசு இருக்காது. ஆகவே தோட்டம் கடனில் அரிசி வாங்கும். அந்தக் கடனுக்கு வட்டி உண்டு. உழைப்பாளிக்குத் தரவேண்டிய கூலிக்கு வட்டி கிடையாது. இலங்கைக் காப்பியின் பொருளாதாரம் முழுவதும் இந்த இரண்டு வரிக்குள் அடங்கிவிடும்.

வேலையை விட்டுப் போனால்? 1865-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்கச் சட்டம் ஒப்பந்தத்தை முறித்த கூலியாளைச் சிறைக்கு அனுப்பியது. ஒரு வியாபாரி ஒப்பந்தத்தை முறித்தால் சிவில் வழக்கு; கூலியாள் முறித்தால் குற்றம்.

நகரத்தாருக்கும் ஆபத்து இருந்தது. 1847-இல் காப்பி விலை விழுந்து பல தோட்டங்கள் கைமாறியபோது கொடுத்த கடன் வருமா என்று தெரியாமல் நின்றவர்கள் அவர்களும்தான். ஆனாலும் அவர்களின் முறை உறுதியானது. பெட்டியடிப் பையனாகச் சேர்கிற சிறுவன் அடுத்தாளாகி, மேலாளாகி, மூன்று வருடத் தவணை முடிந்து ஊர் திரும்பும்போது ஐந்தொகை போட்டு முதலாளியிடம் கணக்கை ஒப்படைப்பார். லாபத்தில் மகமை எடுத்துக் கோவிலுக்கு வைப்பார்கள். கொழும்பு செட்டியார் தெருவில் கதிரேசன் கோவில்கள் எழுந்தன; மாத்தளையில் முத்துமாரியம்மன் கோவில் நகரத்தார் பராமரிப்பில் வளர்ந்தது. நடந்துவந்து உயிரோடு மாத்தளை சேர்ந்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டதும் அதே மாரியைத்தான்.

1869

இந்தக் கதையில் ஒரு வருடத்தை அடிக்கோடிட வேண்டும்.

1869-இல் ஆபிரகாம் ஜோசப் எழுதிய ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ அச்சாகி வெளிவந்தது. காடு வெட்டுவது, நாற்றங்கால் போடுவது, கன்று நடுவது என்று காப்பிப் பயிர்த்தொழிலைக் கும்மி மெட்டில் சொல்லித் தரும் தமிழ் நூல். இலங்கைத் தமிழில் அது இன்றைக்கும் கோப்பிதான். இந்தக் கரையில் காப்பி. ஒரு பயிரைப் பற்றி ஜனங்கள் பாடுவதற்கு நூல் வருகிறதென்றால் அந்தப் பயிர் நிலைத்துவிட்டது என்றுதானே நினைப்போம்?

அதே 1869-இல் மடுல்சீமைத் தோட்டமொன்றில் காப்பி இலையின் அடிப்புறத்தில் மஞ்சள்பொடி தூவியதுபோல் புள்ளிகள் தெரிந்தன. விரலால் தடவினால் ஆரஞ்சுநிறத் தூள் ஒட்டிக்கொள்ளும். பேராதனைத் தாவரவியல் தோட்டத்தின் தலைவர் துவைட்ஸ் அந்த இலையை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பெர்க்லி என்ற பூஞ்சை அறிஞர் அதற்கு ‘ஹெமிலேயா வஸ்டாட்ரிக்ஸ்’ என்று பெயர் வைத்தார். பெயரின் பின்பாதிக்கு ‘பாழாக்குவது’ என்று பொருள்.

அது உடனே பாழாக்கவில்லை. அதுதான் பெரிய ஏமாற்றம். விளைச்சல் குறையக் குறைய, உலகச் சந்தையில் காப்பி விலை ஏறியது. ஏக்கருக்குக் கிடைப்பது குறைந்தாலும் ராத்தலுக்குக் கிடைப்பது கூடியதால், தோட்டக்காரர்கள் இன்னும் காடு வெட்டினார்கள். நோய் வந்து பத்து வருடத்துக்குப் பக்கமாக, 1878 வாக்கில்தான், இலங்கையில் காப்பி நின்ற பரப்பு உச்சத்தைத் தொட்டது: ஏறக்குறைய 2,75,000 ஏக்கர். தாது வருடப் பஞ்சம் தமிழ்நாட்டைக் கொன்றுகொண்டிருந்த 1876–78 அது. பசிக்குத் தப்பி ஆயிரமாயிரமாகக் கடல் கடந்தவர்கள் செத்துக்கொண்டிருந்த செடியை நட்டார்கள்.

பிறகு எல்லாம் வேகமாக விழுந்தது. இளம் தாவரவியலாளர் மார்ஷல் வார்ட் 1880 முதல் 1882 வரை இலங்கையில் தங்கி ஆராய்ந்து, காற்றில் பறக்கும் வித்துகளால்தான் பூஞ்சை பரவுகிறது என்று காட்டினார். மலைக்கு மலை இடைவெளியில்லாமல் ஒரே பயிரை நட்டதால் காற்றுக்குத் தடையே இல்லாமல் போயிருந்தது. வழி சொல்லும் நிலையை நோய் தாண்டிவிட்டது. 1884 மே மாதம் ஓரியண்டல் வங்கி கதவடைத்தது. அதன் நோட்டுகளுக்கு அரசே பொறுப்பு என்று ஆளுநர் ஆர்தர் கோர்டன் அறிவித்த பிறகுதான் கடைவீதி மூச்சுவிட்டது.

காப்பி போய்த் தேயிலை வந்தபோது மாறியது பயிர் மட்டுமல்ல. காப்பிக்கு அறுவடைக் காலம் உண்டு. பழம் பறித்து முடிந்ததும் பெரும்பாலானோர் ஊருக்குத் திரும்பி வயல் வேலை பார்த்தார்கள். தேயிலைக்கு வருடம் முழுவதும் கொழுந்து கிள்ள வேண்டும். அதற்குப் பெண்கள் வேண்டும், குடும்பம் வேண்டும், குடியிருக்க லயம் வேண்டும். போய்வந்துகொண்டிருந்தவர்கள் போனவர்களாகவே ஆனார்கள். இன்றைய மலையகத் தமிழ்ச் சமூகத்தின் தொடக்கத்தில் அந்த மஞ்சள்பொடியும் இருக்கிறது.

நகரத்தாருக்கு 1869 வேறொரு கதவைத் திறந்துவிட்டது. அந்த நவம்பரில் சூயஸ் கால்வாய் திறந்தது. கீழ்பர்மாவின் அரிசிக்கு ஐரோப்பா பக்கத்தில் வந்தது. முதலைப் பெட்டியில் கட்டி வேறு துறைமுகத்துக்குக் கொண்டுபோக முடிந்தவர்கள் ரங்கூன் பக்கம் திரும்பினார்கள். லயத்துக்குள் குடியேறியவர்களுக்கு அப்படி ஒரு கதவு இல்லை.

டம்ளரில் வந்தது

தமிழ்நாட்டு நகரங்களில் காப்பி குடிக்கும் பழக்கம் பரவியது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும். அந்த மாற்றத்தைச் சமூக வரலாறாக எழுதிக் காட்டியவர் ஆ. இரா. வேங்கடாசலபதி. நீராகாரம் குடித்த வயிற்றுக்கு இந்தக் கறுப்புத் தண்ணீர் ஆகுமா என்று ஊரே விவாதித்த காலம் அது.

செட்டிநாட்டில் அது புகுந்தவிதத்தை அடுப்படியில் வைத்துப் பார்க்க வேண்டும். பச்சைக் கொட்டையாக வாங்குவார்கள். இரும்புச் சட்டியில் இளந்தீயில் வறுப்பார்கள். கருகிவிட்டால் அன்றைக்கு வீடு முழுக்கப் பேச்சு. பலகையில் முடுக்கிய கைமெஷினில் சுற்றிச்சுற்றித் தூளாக்குவார்கள். தூளை மேல் அடுக்கில் போட்டு அமுக்கி, கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, மூடிவிட்டுக் காத்திருப்பார்கள். சொட்டு விழுகிற சத்தம் அடுப்படியில் கேட்கும். முதல் டிகாஷன் முகப்பில் உட்கார்ந்திருக்கிற ஐயாவுக்கும் வந்த விருந்தாளிக்கும். இரண்டாம் டிகாஷன் உள்கட்டுக்கு. அதற்கப்புறம் மண்டியில் இன்னொரு தண்ணீர் ஊற்றி இறக்குவது வேலையாட்களுக்கு. ஒரே ஃபில்டரிலிருந்து மூன்று தரம். வீட்டின் வரிசை அப்படியே டம்ளரில் இறங்கியது.

பணக்கணக்கும் மாறியது. நீராகாரத்துக்குக் காசு இல்லை. காப்பிக்குக் கொட்டை, சர்க்கரை, காலைப் பால் என மூன்றுக்கும் தினம் காசு. மோராகவும் நெய்யாகவும் ஆன பால் டிகாஷனுக்குப் போனது. பால் கணக்கு எழுதத் தனி நோட்டு வந்தது. கல்யாணச் சீரில் பரப்புகிற சாமான்களுக்கு நடுவே காப்பிப் பாத்திரமும் இடம் பிடித்தது. கட்டுப்படியாகாதவர்கள் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்: சுக்குக் காப்பி, கருப்பட்டிக் காப்பி, வரக்காப்பி. சூடாக இருந்தாலே காப்பி.

வீட்டுக்கு வந்தவரை வெறும் வாயோடு அனுப்பாதது இந்த ஊரின் மரபு. “வாங்க தம்பி, ஒரு வாய் காப்பித்தண்ணி சாப்பிட்டுப் போங்க” என்று ஆச்சி கூப்பிடும் குரலில் அந்த மரபு இன்றும் உயிரோடிருக்கிறது. ஆண்கள் மூன்று மூன்று வருடமாகக் கடலுக்கு அப்பால் இருந்த வீடுகளை நடத்தியவர்கள் இந்த ஆச்சிகள்தான். இடைப்பலகாரத் தட்டோடு காப்பி வைத்து வந்தவரை உபசரித்து, கூடவே கொடுக்கல் வாங்கல் பேசி முடித்தவர்களும் அவர்கள்தான்.

பித்தளைக்குத் தடை

அந்தக் குரல் எல்லோரையும் கூப்பிடவில்லை.

1930 டிசம்பரில், செட்டிநாடு அடங்கியிருந்த அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில், ஆதிதிராவிடர்கள் மீது ஆதிக்க சாதியார் எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஜே. எச். ஹட்டன் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை அணியக்கூடாது. ஆண்கள் சட்டையோ பனியனோ போடக்கூடாது. குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. அந்த வரிசையில் ஒன்று: வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது.

இதைப் படித்த பிறகு பித்தளை ஃபில்டரை வெறும் பாத்திரமாகப் பார்க்க என்னால் முடியவில்லை. கண்டி மலையில் காப்பி நட்டவர்களில் பெரும்பங்கினர் இத்தகைய சேரிகளிலிருந்து போனவர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் காலத்தில், அந்தக் காப்பியைக் குடிக்கிற உலோக டம்ளரைத் தம் வீட்டில் வைத்துக்கொள்ளத் தடை. அதே பகுதியில், காரைக்குடிக்குப் பக்கத்துச் சிராவயலில் காந்தி ஆசிரமம் அமைத்து ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குக் கல்வி கொடுத்தவர் ஜீவா; 1927-இல் காந்தியே அங்கு வந்து அவரைச் சந்தித்தார். தடை விதித்தவர்கள் மட்டுமல்ல, எதிர்த்து நின்றவர்களும் இந்த மண்ணில் இருந்தார்கள்.

ஹோட்டல்களிலும் காப்பிக்குச் சாதி இருந்தது. ‘பிராமணாள்’ என்று பலகை மாட்டிய காப்பிக் கடைகளில் உட்காரும் இடம் பிரிந்திருந்தது. 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன் பெரியார் தொடங்கிய மறியல் அந்தச் சொல்லைப் பலகையிலிருந்து இறக்குவதற்காக. கிராமத்துத் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை அதற்குப் பிறகும் நெடுநாள் தொங்கியது. குடிக்கிற பண்டம் ஒன்று. ஏந்துகிற பாத்திரம் வேறு. சமத்துவம் பேசியவர்கள் டம்ளரைக் கையில் எடுத்ததற்குக் காரணம் இதுதான்.

தெருவுக்கு வந்த ஃபில்டர்

இரண்டாம் உலகப்போர் காப்பியின் திசையை மறுபடி மாற்றியது. அதுவரை இந்தியக் காப்பியில் நல்ல பங்கு ஐரோப்பாவுக்குப் போனது. போரில் அந்தச் சந்தை அடைபட்டதும் 1940-இல் அவசரச் சட்டம், 1942-இல் காப்பிச் சட்டம் வந்தன. விளைந்த கொட்டை முழுவதையும் காப்பி வாரியம் ஒரே தொகுப்பாக வாங்கி விற்றது. ஊருக்குள்ளேயே குடிக்கவைக்கும் முயற்சி முனைப்பாயிற்று. அந்த ஏற்பாடு 1990-களின் நடுப்பகுதி வரை நீடித்தது.

அதே 1942-இல் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தது. நகரத்தாரின் முதலில் பெரும்பங்கு அங்கே சிக்கியது. விடுதலை பெற்ற பர்மா நிலங்களைத் தேசியமயமாக்கியபோது, திரும்பி வரும் என்ற நம்பிக்கையும் போனது. செட்டிநாட்டு வீடுகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. தூண் போனது, நிலை போனது, எடைக்கு எடை பித்தளை போனது. முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு அந்த ஃபில்டர் வந்து சேர்ந்த வழி இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

கடைக்காரர் அதை எடைபோட்டு விலை சொன்னார். வாங்கிவந்தேன். புளி போட்டுத் தேய்த்ததும் நான்கு எழுத்தும் பளிச்சென்று தெரிகின்றன. ஊசியால் துளை துளையாகக் குத்தி அடைப்பை எடுத்துக்கொண்டிருக்கிறேன். வன்னிப் பாதையில் விழுந்தவர்களின் பெயரை யாரும் எதிலும் வெட்டிவைக்கவில்லை. அதனால்தான் இந்த அத்தியாயத்தில் அரிசி மூட்டையோடு நானும் மலையேற வேண்டியிருந்தது.

அடுத்த வாரம்: ஐராவதி டெல்டாவின் நெல் வயல்கள் செட்டியார் பேரேட்டில் ஏறிய கதை.